டப்பாவுல ஃபுல், ரேடியேட்டர்ல காலி: பழைய 150 சிசி வண்டியில கூலன்ட் எங்க போகுது?

மே 5, இரவு 9.20 – தொரப்பாடி 150

2012 மாடல், 150 சிசி, லிக்விட் கூல்டு, 61,000 கிலோமீட்டர். பத்து நாளா கூலன்ட் (என்ஜின் சூட்டை எடுக்கற திரவம்) குறையுது. தரையில ஒரு சொட்டுகூட இல்ல. காலையில என்ஜின் ஆறி இருக்கறப்போ ரேடியேட்டர் மூடியைத் திறந்தா, கழுத்துக்குக் கீழ ஒரு விரக்கடை இறங்கி இருக்கு. ரேடியேட்டருக்குப் பக்கத்துல இருக்கற உபரி கூலன்ட் டப்பாவுல மட்டும் ஃபுல் கோட்டுலயே நிக்குது. வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் விளக்கு எரியுது, வண்டி நகர்ந்தா அணைஞ்சிடுது. தினமும் கால் டம்ளர் தண்ணி ஊத்தி ஓட்டறேன். ரேடியேட்டர் போயிடுச்சு, மொத்தமா மாத்துன்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

மே 5, இரவு 10.05 – சத்துவாச்சாரி பட்டறை

மாத்தாதீங்க தம்பி. ரேடியேட்டர்ல கம்மி, டப்பாவுல ஃபுல். இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா முதல்ல பார்க்க வேண்டியது மூடியும், மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஓடற மெல்லிசு டியூபும்தான்.

மூடிக்குள்ள ரெண்டு வால்வு இருக்கு. பெரிய ஸ்பிரிங் வெச்சது, உள்ள அழுத்தம் மூடி மேல அச்சடிச்ச அளவைத் தாண்டினா திறந்து கூலன்டை டப்பாவுக்கு அனுப்பும். 1.1னு போட்டிருந்தா 1.1 பார், சுமார் 16 பிஎஸ்ஐ. நடுவுல காசு மாதிரி ஒரு சின்னத் தகடு தொங்கும். என்ஜின் ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகும், அப்போ அந்தத் தகடு இறங்கி டப்பாவுல இருக்கறதைத் திரும்ப உள்ள விடும். டியூப்ல மயிரளவு விரிசல் இருந்தாலும் கூலன்டுக்குப் பதில் காத்தைத்தான் இழுக்கும். டப்பா ஃபுல்லாவே நிக்கும், ரேடியேட்டர் காலியாகிட்டே போகும். டப்பாவை மட்டும் பார்த்துட்டு சரியா இருக்குன்னு ஓட்டி ஹெட் பேக்கிங்கை (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு) எரிச்சுக்கற வண்டிங்க நிறைய.

ஆறின என்ஜின்ல மூடியைக் கழட்டுங்க. அடி ரப்பர்ல கழுத்தோட விளிம்பு பதிஞ்சு பள்ளம் விழுந்திருக்கா, நகத்தால அழுத்தினா அமுங்குதா, கல்லு மாதிரி இருக்கா, நடுத் தகடு விரலால இழுத்தா வந்து தானா திரும்புதா, எல்லாத்தையும் பாருங்க. டியூபை ரெண்டு முனையிலயும் வளைச்சுப் பாருங்க. விரிசல் பெரும்பாலும் கழுத்துல மாட்டற முனையிலதான் வரும்.

இந்த வயசு வண்டிங்களுக்கு இது சகஜம். யமஹா ஆர்15 வந்தது 2008. பல்சர் 200 என்எஸ்ஸும் டியூக் 200ம் 2012. மூணுலயும் முதல்ல வந்த வண்டிகளோட ரப்பருக்கு இப்போ பத்து வயசு தாண்டியாச்சு, வேலூர் வெயில்ல.

மே 5, இரவு 10.20 – சத்துவாச்சாரி பட்டறை

ஒண்ணு விட்டுட்டேன். சூடா இருக்கும்போது மூடியில கையே வைக்காதீங்க. உள்ள இருக்கறது நூறு டிகிரிக்கு மேல, மூடியோட அழுத்தத்தாலதான் கொதிக்காம இருக்கு. திறந்த அந்த நொடியே கொதிச்சுப் பொங்கி ஆவியோட கைக்கும் முகத்துக்கும் வரும். ரெண்டு மணி நேரமாவது ஆற விடுங்க.

மே 7, காலை 7.40 – தொரப்பாடி 150

மூடி ரப்பர்ல பள்ளம் இருந்தது, டியூப் முனையில விரிசலும் இருந்தது. ரெண்டும் புதுசு போட்டாச்சு, மூடி அதே 1.1. இப்போ டப்பாவுல இருந்து ஒழுங்கா இழுக்குது. ஆனா டப்பாவுல குறைய ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு நாள்ல ஃபுல்லுக்கும் லோவுக்கும் பாதி வழி வந்துடுச்சு.

மே 7, காலை 8.15 – ஆம்பூர் ரைடர்

கிளிப்பையெல்லாம் ஒரு சுத்து டைட் வெச்சுப் பாருங்க. பாதி வண்டிக்கு அதுதான்.

மே 7, மதியம் 1.30 – ராணிப்பேட்டை லேத்

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் கிளிப்பை முறுக்க வேண்டாம். திருகுவைத்த கிளிப்பின் பட்டையில் வெட்டிய பள்ளங்கள் உண்டு. பழைய ஹோஸில் அதை அதிகமாக இறுக்கினால் ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் பிதுங்கி அறுபடும். இன்று நிற்கும், அடுத்த மாதம் அதே இடத்தில் வட்டமாகக் கிழியும். வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளிப் சூட்டிலும் குளிரிலும் ரப்பரோடு சேர்ந்து விரிந்து சுருங்கும். துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள்.

முதலில் அழுத்தச் சோதனை. கார் பட்டறைகளில் இதற்கென்று கைப்பம்பு இருக்கும், ஆனால் பைக் கழுத்துக்குப் பொருந்தும் அடாப்டர் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் இப்போது கழற்றிய பழைய மூடியே போதும். நடுத் தகட்டை அதன் சின்ன ஸ்பிரிங்கோடு கழற்றிவிட்டு, அந்த இடத்தில் துளையை அளவாகப் பெரிதாக்கி ஒரு டியூப்லெஸ் டயர் வால்வை இழுத்துப் பொருத்துங்கள். பழைய அடி ரப்பர் செத்துப்போயிருப்பதால் காற்று டப்பாவுக்குப் போகும் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகத் தப்பும். எனவே அந்த டியூபை மடித்து இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

ரேடியேட்டரைக் கழுத்து விளிம்பு வரை நிரப்பிவிட்டு மூடுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நுட்பமாக முள் காட்டும். கேஜ் உள்ள கால் பம்பை மாட்டி 15 பிஎஸ்ஐ வரை ஏற்றி, பம்பைக் கழற்றாமல் பத்து நிமிடம் விடுங்கள். கழற்றிக் கழற்றி அளந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போய்விடும், கணக்கு தப்பும். முள் அசையவில்லை என்றால் வெளி ஒழுகல் இல்லை. இறங்கினால் ஈரத்தைத் தேடுங்கள்.

மே 7, மதியம் 2.10 – ஆம்பூர் ரைடர்

கால் பம்பு இல்லன்னா பஞ்சர் கடையில காத்து புடிச்சிக்கலாமே?

மே 7, மதியம் 2.25 – ராணிப்பேட்டை லேத்

கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரசர் டாங்கியில் நூறு பிஎஸ்ஐ-க்கு மேல் நிற்கும். ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரத்தொட்டி பிளந்துவிடும். சைக்கிள் பம்பானாலும் பரவாயில்லை, கையால் அடிப்பதுதான் பாதுகாப்பு. மூடியில் 0.9 என்று இருந்தால் 13 பிஎஸ்ஐ-யோடு நிறுத்துங்கள்.

மே 8, இரவு 8.50 – தொரப்பாடி 150

பத்து நிமிஷத்துல 15-லேர்ந்து 11க்கு இறங்கிச்சு. என்ஜினுக்கு அடியில இருக்கற பெல்லி கவரைக் கழட்டி, பழைய பேப்பர் விரிச்சு வெச்சேன். ரேடியேட்டர் சுத்தமா காய்ஞ்சு இருக்கு. வாட்டர் பம்ப்புக்கு அடியில, கவர்ல இருக்கற சின்ன ஓட்டையில ஒரு சொட்டு தொங்குது. அப்புறம் சிலிண்டர்ல ஹோஸ் மாட்டற அலுமினியக் கழுத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கு, தொட்டா லேசா ஈரம்.

மே 8, இரவு 9.15 – சத்துவாச்சாரி பட்டறை

கிடைச்சிடுச்சு. தரையில சொட்டு இல்லாததுக்கும் பதில் அதுலயே இருக்கு. ஓடும்போது வர்றது சூடான கிரான்க் கேஸ் மேல விழுந்து ஆவியாகும், மிச்சத்தை பெல்லி கவர் ஏந்திக்கும்.

பம்ப்புக்கு அடியில இருக்கற ஓட்டையை வேணும்னேதான் வெச்சிருக்காங்க. வீப் ஹோல்னு பேரு. பம்ப் ஷாஃப்ட்ல ரெண்டு சீல் இருக்கும். கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், என்ஜின் பக்கம் ஆயில் சீல். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வெறும் இடத்தோட வடிகால்தான் இந்த ஓட்டை. அதுல கூலன்ட் வந்தா மெக்கானிக்கல் சீல் போச்சு. கருப்பா ஆயில் வந்தா ஆயில் சீல் போச்சு.

மே 8, இரவு 9.40 – குடியாத்தம் ரீடர்

அந்த ஓட்டையில எம்-சீல் வெச்சு அடைச்சா நின்னுடும்னு ஒருத்தர் சொன்னார். சரியா?

மே 8, இரவு 9.55 – சத்துவாச்சாரி பட்டறை

நிக்கும். வெளிய வர்றது நிக்கும், அவ்வளவுதான். போக வழி இல்லாம கூலன்ட் ஆயில் சீலைத் தள்ளிக்கிட்டு என்ஜினுக்குள்ள போகும். ஆயில் மோர் கலர்ல மாறும். கிரான்க் பேரிங், கேம் எல்லாம் போன பிறகுதான் தெரியும். தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க. முடிஞ்சா மாசம் ஒரு தடவை அந்த ஓட்டையில குண்டூசி விட்டுப் பாருங்க, மண்ணு அடைச்சிருந்தாலும் இதே கதிதான்.

தொரப்பாடி தம்பி, பம்ப்பைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் டிரெயின் போல்ட்டை மெதுவா லூஸ் பண்ணுங்க. தண்ணி ஆயிலை விட கனம், அடியில தங்கி முதல்ல வரும். முதல் பத்து சொட்டுலயே தெரிஞ்சிடும்.

மே 9, காலை 6.50 – காட்பாடி ஜங்ஷன்

ஆயில் ஊத்தற மூடிக்கு உள்பக்கம் மட்டும் வெள்ளையா க்ரீம் மாதிரி இருந்தா உடனே பயப்பட வேண்டாம். தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடற வண்டியில, மழைக் காலத்துல, ஈரம் படிஞ்சு அப்படி ஆகும். அரை மணி நேரம் ஓட்டினா போயிடும். கண்ணாடி வழியா தெரியற ஆயில் முழுக்கவே வெளுத்திருந்தா அது கூலன்ட்.

ஹெட் பேக்கிங்கையும் இப்போவே பார்த்துடுங்க. ஆறின என்ஜின்ல மூடியைக் கழட்டி வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல நாலைஞ்சு குமிழி வந்து நின்னா அது உள்ள சிக்கின காத்து. நிக்காம வந்துகிட்டே இருந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானா எரிபுகை கூலன்டுக்குள்ள வருதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா பம்ப் வேலையோட நிக்காது, ஹெட்டை இறக்கணும்.

மே 9, இரவு 9.05 – தொரப்பாடி 150

ஆயில் சுத்தம். குமிழி நாலு வந்தது, நின்னுடுச்சு.

மே 9, இரவு 9.30 – ஆம்பூர் ரைடர்

லாரிக்காரங்க ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போடுவாங்களே, ரெண்டு ஸ்பூன். ஹைவேல எத்தனையோ பேர் அதுலயே ஊர் போய்ச் சேர்ந்திருக்காங்க. அதுவும் தப்பா?

மே 9, இரவு 10.10 – ராணிப்பேட்டை லேத்

லாரி ரேடியேட்டரின் குழாய் அகலம், கூலன்ட் பல லிட்டர். அங்கே மஞ்சள்தூள் பொத்தலில் போய் அடைத்து ஊர் வரை தாங்கும். பைக் ரேடியேட்டரின் குழாய்கள் தட்டையானவை, உள்ளே இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். தூள் எங்கே அடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவத்துக்கும் இதே பதில். அதைவிட, உங்கள் ஒழுகல் சுழலும் சீலில் இருக்கிறது. துகள் அந்த முகத்தில் போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம்.

ரேடியேட்டரிலேயே ஊசித்துளை என்றால், அலுமினியம்தானா என்று பார்த்து ஆர்கான் வெல்டிங் செய்யலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மெல்லிய தகட்டுக்குக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் சூடு தாங்காது, மாற்றுவதே வழி.

மே 10, மாலை 6.20 – சத்துவாச்சாரி பட்டறை

இப்போ பம்ப் வேலை. கொஞ்சம் நீளமா எழுதறேன், ஞாயித்துக்கிழமை செய்யறதுக்கு உதவும்.

வாங்க வேண்டியது: மெக்கானிக்கல் சீல் செட், ஆயில் சீல், பம்ப் கவர் ஓ ரிங் (ரப்பர் வளையம்), சிலிண்டர் கழுத்து ஓ ரிங், டிரெயின் போல்ட் வாஷர். இம்பெல்லரும் (கூலன்டைத் தள்ளற விசிறி) ஷாஃப்டும் பெரும்பாலும் ஒரே பாகமா வரும். அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கலாம்.

கூலன்டை டிரெயின் போல்ட் வழியா ஒரு பேசின்ல பிடிங்க, எவ்வளவு வந்ததுன்னு அளந்து எழுதி வைங்க. திரும்ப நிரப்பும்போது அந்த அளவு உள்ள போகலைன்னா எங்கேயோ காத்து நிக்குதுன்னு புரியும். அந்த பேசினை அப்படியே வெளிய விட்டுட்டுப் போகாதீங்க. கூலன்ட் இனிக்கும், தெரு நாய் நக்கும். அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் வயித்துக்குள்ள போனாலே சிறுநீரகம் போயிடும். கீழ கொட்டினதையும் தண்ணி விட்டுக் கழுவிடுங்க, டயர்ல பட்டா வழுக்கும்.

கவரைக் கழட்டினதும் இம்பெல்லரைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பேரிங் தேஞ்சிருக்கு. பேரிங்கை விட்டுட்டு சீல் மட்டும் மாத்தினா ஷாஃப்ட் தள்ளாடித் தள்ளாடி புது சீலும் ரெண்டு மாசம்கூட தாங்காது. அடுத்து ஷாஃப்ட்ல சீல் உட்கார்ற இடத்துல நகத்தை ஓட்டுங்க. நகம் தட்டினா ஷாஃப்ட் மாத்தணும், தட்டலைன்னா அதையே போடலாம்.

ஆயில் சீலோட ஸ்பிரிங் தெரியற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும். உதட்டுல கொஞ்சம் என்ஜின் ஆயில் தடவுங்க. மெக்கானிக்கல் சீலோட உலோகக் கூட்டை வெளி விளிம்புல மட்டும் அழுத்தி இறக்கணும். விளிம்புக்குச் சரியா உட்கார்ற பாக்ஸ் ஸ்பேனர் ஒண்ணை வெச்சு நேரா, மெதுவா. நடுவுல தட்டினா கருப்பு கார்பன் முகம் வெடிக்கும். இம்பெல்லர் பக்கம் வர்ற வெள்ளை செராமிக் வளையத்தோட பளபளப்பு முகத்துல கையே படக் கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டிக்கும். பட்டுட்டா ஸ்பிரிட்ல நனைச்ச சுத்தமான துணியால துடைங்க. அதோட ரப்பரை லேசா க்ரீஸ் தொட்டு இறக்கினா சுலபமா போகும்.

மே 10, மாலை 7.00 – ராணிப்பேட்டை லேத்

கடைசி வரியைத் திருத்த வேண்டும். க்ரீஸ் வேண்டாம். கூலன்ட் பக்க ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் வகை. பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பிவிடும். அந்த ரப்பரைக் கூலன்டில் நனைத்தே இறக்குங்கள். ஹோஸ் மாட்டவும் சோப்புத் தண்ணீரோ கூலன்டோ போதும்.

ஓ ரிங் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். லேத் கடை டப்பாவில் கிடைப்பது நைட்ரைல் ரப்பர். ஆயிலுக்கு அது நல்லது, கூலன்டிலும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் சூட்டில் சீக்கிரம் இறுகும். கூலன்ட் வழியில் வண்டிக் கம்பெனி பாக எண்ணில் வரும் ஓ ரிங்கே போடுங்கள். ஆயில் பக்கத்தில் ஈபிடிஎம் போடவே கூடாது.

மே 10, மாலை 7.15 – சத்துவாச்சாரி பட்டறை

சரியா சொன்னீங்க, நான் எழுதினது தப்பு. மேல இருக்கற க்ரீஸ் வரியை யாரும் எடுத்துக்காதீங்க. ஈபிடிஎம் உப்பினா செராமிக் வளையம் கோணலா உட்காரும், புது சீல் முதல் நாளே சொட்டும்.

கவர் போல்ட் எம்6, 10 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லன்னா 8 நம்பர் குட்டி டி ஸ்பேனரை ரெண்டு விரல்ல பிடிச்சு, எதிரும் புதிருமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அலுமினியத்துல மரை போனா ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போடற வேலை வந்துடும். ஓ ரிங் இருக்கற கவர்ல சிலிக்கான் பேஸ்ட் தடவாதீங்க. பிதுங்கி உள்ள போன துணுக்கு உதிர்ந்து தெர்மோஸ்டாட்ல (கூலன்ட் சூடானதும் திறக்கற வால்வு) மாட்டும்.

மே 12, இரவு 8.10 – தொரப்பாடி 150

பிரிச்சாச்சு. பேரிங் ஆட்டம் இல்ல. ஷாஃப்ட்ல நகம் தட்டுது, புது ஷாஃப்ட் வாங்கிட்டேன். கவர் உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரி பூச்சு. இம்பெல்லர் இதழ்ல புள்ளி புள்ளியா அரிப்பு. சிலிண்டர் கழுத்துல வெள்ளைப் பொடியைச் சுரண்டினா அடியில குழி குழியா இருக்கு. இது எப்படி வந்தது?

மே 12, இரவு 8.45 – சத்துவாச்சாரி பட்டறை

முதல் பதிவுல தினமும் கால் டம்ளர் தண்ணி ஊத்தறேன்னு எழுதியிருந்தீங்க. எந்தத் தண்ணி?

மே 12, இரவு 8.50 – தொரப்பாடி 150

வீட்டு போர் தண்ணி.

மே 12, இரவு 9.30 – காட்பாடி ஜங்ஷன்

அதுதான். நம்ம பக்கம் போர் தண்ணியில துணி துவைச்சா சோப்பு நுரைக்காது, குண்டான்ல காய்ச்சினா அடியில வெள்ளையா படியும். குண்டான்ல படியறது ரேடியேட்டர்லயும் படியும். கால்சியம், மக்னீசியம் சூட்டுல பிரிஞ்சு குழாய் உள்சுவர்ல ஒட்டும், வெப்பம் வெளிய போகாது. குளோரைடு உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியா துளைக்கும். ஜப்பான் வகை கூலன்ட்ல பாஸ்பேட் இருக்கும். அது கடினத் தண்ணியோட சேர்ந்து வண்டலா இறங்கிடும், துருவைத் தடுக்கப் போட்ட மருந்தே தீர்ந்துடும். அந்தத் துகள் பம்ப் சீல் முகத்துல போய் அறுக்கும். ஒழுகல் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தாலும், உங்க வண்டியில கழுத்தையும் சீலையும் இந்தத் தண்ணி இன்னும் மோசமாக்கியிருக்கும்.

குடிக்கற தண்ணிக்கு ஐஎஸ் 10500 தரம் சொல்ற டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்பு) எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழி இல்லாத இடத்துல 2000 வரைக்கும். குடிக்கலாம்ங்கறதுக்காக ரேடியேட்டர்ல ஊத்தலாம்னு ஆகாது.

மே 12, இரவு 9.50 – குடியாத்தம் ரீடர்

ஆர்ஓ கேன் தண்ணி? ஏசியில சொட்டற தண்ணி?

மே 12, இரவு 10.20 – காட்பாடி ஜங்ஷன்

ஆர்ஓ தண்ணி போரை விட எவ்வளவோ மேல், ஆனா கேனுக்குக் கேன் மாறும், ருசிக்கு உப்பு சேர்க்கறவங்களும் உண்டு. ஏசி தண்ணியில உப்பு இல்ல, ஆனா காயில்ல இருக்கற தூசி, பாசி, செம்பு எல்லாம் கலந்து வரும். செம்பு அலுமினியத்துக்கு ஆகாது. ரெண்டும் வழியில மாட்டிக்கிட்டா ஒரு நாளைக்கு. நிரந்தரமா ஊத்த பேட்டரி கடையில விக்கற டிஸ்டில்டு வாட்டர்தான். அதையும் தனியா ஊத்தி ஓட்டக் கூடாது. துருத் தடுப்பு மருந்து கூலன்ட்லதான் இருக்கு, வெறும் சுத்தத் தண்ணியும் அலுமினியத்தைத் தின்னும்.

மே 13, காலை 7.10 – ஆம்பூர் ரைடர்

நம்ம ஊர்ல என்ன பனியா உறையப் போகுது? 20 பங்கு கூலன்ட், 80 பங்கு தண்ணி போதும்னு நினைக்கறேன். தண்ணிதான் சூட்டை நல்லா எடுக்கும்.

மே 13, மதியம் 1.15 – ராணிப்பேட்டை லேத்

தண்ணீர் வெப்பத்தை நன்றாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் துருத் தடுப்பு போதாது. கொதிநிலையும் இருக்கிறது. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 1.1 பார் மூடிக்குள் சுமார் 121-ல். பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107-ல் கொதிக்கும், அதே மூடிக்குள் 130-ஐ ஒட்டி. கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்கு அந்த எட்டொன்பது டிகிரிதான் காப்பு. கெட்டிக் கூலன்ட் என்றால் ஒன்றுக்கு ஒன்று கலக்குங்கள். ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் ஒரு சொட்டும் தண்ணீர் சேர்க்காதீர்கள். அலுமினிய என்ஜினுக்கு என்றும் சிலிக்கேட் இல்லாதது என்றும் போட்டிருப்பதை வாங்குங்கள். வெவ்வேறு வகையைக் கலந்தால் சில நேரம் கூழாகிவிடும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது, பாட்டிலைப் படியுங்கள்.

மே 13, இரவு 8.30 – தொரப்பாடி 150

உள்ள படிஞ்ச சுண்ணாம்பை எடுக்க பாத்ரூம் ஆசிட் கொஞ்சம் கலந்து ஊத்தச் சொன்னாங்க.

மே 13, இரவு 8.40 – சத்துவாச்சாரி பட்டறை

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். சுண்ணாம்பு கரையறதுக்குள்ள ரேடியேட்டரே ஓட்டை விழும். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் ஓட விட்டு, ஆற வெச்சு வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவை. அதுக்கப்புறமும் ரேடியேட்டர்ல ஒரு பக்கம் சூடா, நடுவுல திட்டு திட்டா ஆறி இருந்தா அந்தக் குழாய்ங்க அடைச்சிருக்கு. அப்போ மாத்திக்கலாம், இப்போ வேண்டாம்.

சிலிண்டர் கழுத்து: குழி ஓ ரிங் உட்கார்ற பள்ளத்துல இருந்தா அந்தக் கழுத்தைப் புதுசு போடணும், பசை வெச்சு ஒப்பேத்த முடியாது. ஹோஸ் மாட்டற இடத்துல மட்டும்னா 400 நம்பர் உப்புத்தாளால பொடியை எடுத்து, 600-ல தேய்ச்சு, குழாயைச் சுத்திச் சுத்தி மட்டும் தேய்ங்க. நீளவாக்குல தேய்ச்சா ஒவ்வொரு கீறலும் ஒழுகற வாய்க்கால். ஹோஸையும் அமுக்கிப் பாருங்க, முனை நொறுநொறுன்னு இருந்தா மாத்திடுங்க.

மே 19, மாலை 5.45 – தொரப்பாடி 150

குழி ஹோஸ் பக்கம் மட்டும்தான், தேய்ச்சு சரி பண்ணிட்டேன். சீல், ஷாஃப்ட், ஓ ரிங், ரெண்டு ஹோஸ் புதுசு. பழசு வடிச்சப்போ அளந்தது 780 மில்லி. இப்போ 600-க்கு மேல உள்ள போகல.

மே 19, மாலை 6.10 – காட்பாடி ஜங்ஷன்

காத்து நிக்குது. முன் சக்கரத்தை ஒரு பலகை மேல ஏத்தி, ரேடியேட்டர் கழுத்து உசரமா வர்ற மாதிரி வைங்க. ஹோஸை கையால அமுக்கி அமுக்கி விடுங்க, வண்டியை இடமும் வலமும் சாய்ங்க. பம்ப்லயோ ஹெட்லயோ காத்து போக்கற போல்ட் இருந்தா லூஸ் பண்ணி, கூலன்ட் கம்பியா வந்ததும் மூடுங்க. அப்புறம் மூடி இல்லாம ஐடிலிங்ல விடுங்க. கொஞ்ச நேரத்துல மட்டம் திடீர்னு இறங்கும், அது தெர்மோஸ்டாட் திறந்த நேரம். ஊத்திக்கிட்டே இருங்க, ரெண்டு மூணு தடவை லேசா ஆக்சிலேட்டர் கொடுங்க, குமிழி நின்னதும் மூடியைப் போடுங்க. வெளிய தள்ள ஆரம்பிச்சா முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க.

மே 19, இரவு 8.00 – தொரப்பாடி 150

790 போயிடுச்சு. திரும்ப அழுத்தச் சோதனை பண்ணேன், 15-லயே நிக்குது, இருபது நிமிஷம்.

மே 19, இரவு 8.20 – சத்துவாச்சாரி பட்டறை

முதல் அம்பது கிலோமீட்டருக்கு வீப் ஹோல்ல ஓரிரு சொட்டு வரலாம், சீல் முகம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படியற நேரம் அது. அதுக்கப்புறம் வரக் கூடாது. தினமும் காலையில, ஆறின என்ஜின்ல, வண்டியை நேரா நிறுத்தி டப்பா மட்டத்துல ஒரு பேனா கோடு போடுங்க. சைடு ஸ்டாண்டுல பார்த்தா மட்டம் ஏமாத்தும்.

மே 26, காலை 7.00 – தொரப்பாடி 150

ஏழு நாள், 340 கிலோமீட்டர். கோடு அசையல. வீப் ஹோல் காய்ஞ்சு இருக்கு. ஆனா கிரீன் சர்க்கிள்ல நின்னா விளக்கு இன்னும் எரியுது.

மே 26, காலை 7.50 – சத்துவாச்சாரி பட்டறை

நின்னா எரியுது, ஓடினா அணையுதுன்னு முதல் நாளே எழுதியிருந்தீங்க. கூலன்ட் குறைவாலன்னு நினைச்சு நான் தாண்டிப் போயிட்டேன். அது ஃபேன். ஓடும்போது காத்து தானா வரும், நின்னா ஃபேன்தான் ஆதாரம்.

முதல்ல ஃபேன் ஃபியூஸ். அடுத்து ஃபேன் கனெக்டரைக் கழட்டி பேட்டரியில இருந்து நேரா 12 வோல்ட் கொடுங்க. சுத்தலைன்னா மோட்டார். சுத்தினா ஸ்விட்ச், ரிலே, இல்ல வயர். பழைய வண்டிங்கள்ல ரேடியேட்டர்ல இருக்கற ஃபேன் ஸ்விட்ச் நூறு டிகிரியை ஒட்டி எர்த் கொடுக்கற வகையா இருக்கும். இக்னிஷன் ஆன்ல அந்த வயரைக் கழட்டி பாடியில தொட்டா ஃபேன் ஓடணும். இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) ஓட்டற ஃபேன்ல இந்தத் தொடற வேலை வேண்டாம், வயரிங் படம் பார்த்துட்டு செய்ங்க.

மே 26, காலை 9.30 – குடியாத்தம் ரீடர்

இதோட ஒண்ணு கேட்டுக்கறேன். ஜவ்வாது மலை மேல, ஜமுனாமரத்தூர் பக்கம் போறப்போ ஹோஸ் பொத்துக்கிட்டா என்ன பண்றது? அங்க ஸ்பேர் கிடைக்காது.

மே 26, மதியம் 12.40 – ராணிப்பேட்டை லேத்

தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் ஒரு சுருள் சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஹோஸைத் துடைத்து, டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தபடி, பாதிக்குப் பாதி மேலேறுமாறு சுற்றுங்கள். டேப் இல்லை என்றால் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, இரண்டு முனையிலும் கம்பி கட்டுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பின் மூடியை முழுக்கத் திருகாமல் முதல் பள்ளத்தோடு விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். கொதிநிலை இறங்கிவிடும் என்பதால் மெதுவாக இறங்குங்கள், பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டு மட்டம் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இப்படிக் கட்டிய ஹோஸோடு ஏற வேண்டாம். இறங்குவதற்குத்தான் இது.

ஜூன் 2, இரவு 9.15 – தொரப்பாடி 150

ஃபியூஸ் சரி. நேரா 12 வோல்ட் கொடுத்தா ஃபேன் ஓடுது. வயரை பாடியில தொட்டாலும் ஓடுது. ஸ்விட்ச் முனையில பச்சையா களிம்பு பூத்திருந்தது, ஒழுகின கூலன்ட் அது மேலயே வழிஞ்சிருக்கு. சுத்தம் பண்ணியும் தானா ஓடல, ஸ்விட்சே புதுசு போட்டேன், வாஷரோட. இப்போ சிக்னல்ல ஒண்ணரை நிமிஷத்துல ஃபேன் ஓட ஆரம்பிக்குது, விளக்கு எரியல. பேனா கோடு அதே இடம்.

ஜூன் 2, இரவு 9.30 – சத்துவாச்சாரி பட்டறை

ஸ்விட்ச் மாத்தினப்போ கொஞ்சம் கூலன்ட் போயிருக்கும், காத்தும் உள்ள போயிருக்கும். நாளைக்குக் காலையில மூடியைத் திறந்து கழுத்து வரைக்கும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. டப்பாவை மட்டும் பார்க்காதீங்க.

ஜூன் 3, காலை 6.35 – தொரப்பாடி 150

கழுத்து வரைக்கும் இருக்கு அண்ணா.